பூட்டாத தொட்டி

என் அக்கா ருதைனாவுக்கு எங்கள் தெருவில் வைத்த பெயர் 'வாளியின் தாய்'. மற்ற பெண்களை மூத்த மகன் பெயரைச் சொல்லி, ஷாஹிரின் தாய் என்றால் உம்மு ஷாஹிர், பஸ்ஸாமின் தாய் என்றால் உம்மு பஸ்ஸாம் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். கல்யாணமே ஆகாத இவளுக்குப் பிள்ளை ஏது? அதனால் வாளியையே பிள்ளையாக்கிவிட்டார்கள். முகத்துக்கு நேரே சொல்லத் துணிச்சல் கிடையாது. காலையில் இவள் வேலைக்கு இறங்கிப் போனதும், கீழ் வீட்டு உம்மு ஷாஹிர் வாசலில் நின்று, "வாளியின் தாய் கிளம்பியாச்சு, இனி பயமில்லாம குழாயைத் திறக்கலாம்" என்பாள். மாடியில் நிற்கிற என் காதில் விழட்டும் என்றுதான் சொல்வாள்.

அம்மான் நகரத்தில் குன்றின் மேல் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீர் வாரத்தில் ஒரு நாள். எங்கள் பக்கத்துக்குப் புதன்கிழமை. அன்று குழாயில் வருவதை மொட்டைமாடித் தொட்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டியது, அடுத்த புதன் வரை அதை வைத்து ஓட்ட வேண்டியது. எங்கள் கட்டிடத்தில் இரண்டே வீடு. கீழே உம்மு ஷாஹிர், அவள் புருஷன் அபூ ஷாஹிர் குடும்பம். மேலே வாப்பா, அக்கா, நான். என் பெயர் மைசூன். மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்கிற கடையில் வேலை பார்க்கிறேன். ஒருவனைக் கட்டி, சரிவராமல் தலாக் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவள். எனக்கு வாய் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை.

அக்காவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. காரை இடித்தவன், இடி வாங்கியவன் எல்லாரும் போன் போட்டு இவளைத்தான் திட்டுவார்கள். ஷேர் டாக்சி இரண்டு மாறிப் போக வேண்டும், இரண்டு மாறி வர வேண்டும். திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்த்தால் உட்காரச் சொல்லி ஒரு டீ போட்டுக் கொடுக்கத் தோன்றும். உட்கார்ந்தால்தானே! கைப்பையை ஆணியில் மாட்டியதும் வாளியைத் தூக்கிவிடுவாள்.

குளிக்கும்போது சுடுதண்ணீர் வருகிறவரை முதலில் பச்சைத் தண்ணீர் வருமே, அதைப் பிடிக்க ஒரு வாளி. குளித்த தண்ணீர் கழிப்பறைக்கு. துணி துவைக்கிற மெஷினின் குழாயைப் பால்கனிப் பீப்பாயில் விட்டிருந்தாள், அது தரை துடைக்க. காய் கழுவிய தண்ணீர், எண்ணெய் டின்னில் வளர்கிற புதினாவுக்கு. காய்த்தோலை எல்லாம் மொட்டைமாடியில் மண் போட்டு மூடி மக்க வைப்பாள். கடைக்குப் போனால் துணிப்பை. கொண்டைக்கடலை மசியல் வாங்கப் போனால் வீட்டுத் தட்டு. பாட்டில் தண்ணீர் என்ற பேச்சே வீட்டுக்குள் கூடாது, நானே வெளியில் வாங்கிக் குடித்துவிட்டு பாட்டிலை வெளியிலேயே போட்டுவிட்டுத்தான் வருவேன்.

"அம்மா தாயே, பூசணிக்காயையும் சட்டை போட்டுத்தான் அனுப்பணுமா?" என்று காய்கறிக்கடைக்காரன் சிரிப்பான்.

"நீ பை குடுக்காம இருந்தாலே போதும், சட்டையை நான் பாத்துக்கறேன்" என்பாள் இவள்.

இதெல்லாம் நேரம் இருக்கிறவள் செய்கிற காரியம் என்று நினைப்பீர்கள். நேரமே கிடையாது. டாக்சியில் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி விழுவாள். வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு, அன்றும் மொட்டைமாடியில் மண் கிளறிக்கொண்டிருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு தடவை தலையில் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே இருந்து வால்வை மூடிவிட்டாள்.

"அக்கா! கண்ணு எரியுதுடி! திற!"

"சோப்புப் போடறப்ப தண்ணி எதுக்கு? போட்டு முடி, திறக்கறேன்."

"பக்கத்துத் தெருவில நீச்சல் குளம் கட்டறான். நீ என் கண்ணில சோப்பு வெச்சு ஊரைக் காப்பாத்தறியா?"

"அவன் பங்கை அவன் எடுக்கறான். நான் என் பங்குக்கு மேல எடுக்க மாட்டேன். அவ்வளவுதான்."

அவளிடம் இருந்த கொள்கையெல்லாம் இந்த ஒரு வரிதான். மேடை ஏறிப் பேசுகிறவள் இல்லை, யாருக்கும் புத்தி சொன்னதும் இல்லை. என்னைத்தான் பிடித்துப் படுத்துவாள்.

வாப்பா ஸுப்ஹி ஹாஜி அம்மானுக்கும் இர்பிதுக்கும் பஸ் ஓட்டியவர். ஆண் பிள்ளை இல்லாததால் மூத்த மகள் பெயரைச் சொல்லி அபூ ருதைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள், அதில் அவருக்குப் பெருமைதான். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு கட்டிலோடு சரி. ஆனால் ஐந்து வேளைத் தொழுகைக்கும் முன்னால் தண்ணீரில்தான் முகம், கை, கால் கழுவி ஒளு செய்வார். முடியாதவர்கள் மண்ணைத் தொட்டுத் தடவிக்கொண்டால் போதும் என்று பள்ளிவாசல் ஷேக் சொன்னதற்கு, "வீட்டில தண்ணி இருக்கறப்ப நான் ஏன் மண்ணைத் தடவணும்?" என்று கேட்டார். அக்கா சின்னச் செம்புக் கூஜாவில் ஊற்றுவாள், கீழே தாம்பாளம் பிடிப்பாள். அந்தத் தண்ணீர் பால்கனி எலுமிச்சைக்குப் போகும். எங்கள் எலுமிச்சை வாப்பாவின் ஒளுத் தண்ணீர் குடித்துத்தான் காய்த்தது.

அவருடைய சிநேகிதர் ஒருவர் ஆஸ்பத்திரியில் மவுத்தானார். வாப்பா படுத்த படுக்கையாவதற்கு முன்னால் நடந்தது அது. அங்கேயே இறந்தவர்களைக் குளிப்பாட்டும் அறையில் வைத்து உடலைக் குளிப்பாட்டினார்கள். கூட இருந்து பார்த்துவிட்டு வந்த வாப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஓஸ் பைப்பை வெச்சு அடிக்கறான் ருதைனா. கார் கழுவற மாதிரி. திருப்பிப் போட்டு அடிக்கறான். என்னை அங்க கொண்டு போயிடாத. இந்த வீட்டில, நம்ம தொட்டித் தண்ணியில, மெதுவா ஊத்திக் கழுவி அனுப்பு."

"சரி வாப்பா."

"சும்மா சரின்னு சொல்லாத."

"இந்த வீட்டில, நம்ம தண்ணியில. நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா.

அவர் படுக்கையில் விழுந்ததும் அக்கா போனஸ் பணத்தில் இரண்டாவது தொட்டி வாங்கி வைத்தாள். இடது பக்கத் தொட்டி எங்களுக்கு. வலது பக்கத் தொட்டி வாப்பாவுக்கு. புதன்கிழமை தோறும் வலது தொட்டியின் பழைய தண்ணீரை இடதுக்கு மாற்றிவிட்டு, புதுத் தண்ணீரை அதில் நிரப்புவாள். எப்போது எடுத்தாலும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று. நான்கூட ஒருநாள் கேட்டேன், "தன் சாவுக்குப் போத்தக் கஃபன் துணி வாங்கி வெச்சுக்கறவங்களைப் பாத்திருக்கேன், தண்ணி சேத்து வெச்சுக்கறவளை உன்னைத்தான் பாக்கறேன்" என்று. அவள் தொட்டி மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் மரியாதை ஒன்று இருக்கிறது: தண்ணீர் கேட்டு வந்தவனை இல்லை என்று அனுப்பக் கூடாது. இல்லாதவள் தப்பித்தாள். இருக்கிறவள் மாட்டிக்கொண்டாள். அக்கா வாரம் பூராவும் சொட்டு சொட்டாக மிச்சம் பிடிப்பாள். கீழே உம்மு ஷாஹிர் வியாழக்கிழமை ஆனால் முற்றம், படிக்கட்டு, நடைபாதை என்று ஓஸைத் திருப்பிவிட்டுக் கழுவுவாள். வெள்ளிக்கிழமை காலையில் அபூ ஷாஹிர் தன் வெள்ளைக் காரைக் கழுவுவார். பானட்டைத் தடவிக்கொடுத்துக் கழுவுகிற அழகைப் பார்க்க வேண்டும், பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார். சனிக்கிழமை அவர்கள் தொட்டி காய்ந்துவிடும். மேலே வந்து கதவைத் தட்டுவார்.

"ருதைனா மகளே, உங்க தொட்டியில இருக்குமே? நீ கெட்டிக்காரி, உன் தொட்டி வத்தவே வத்தாது."

"எடுத்துக்குங்க சாச்சா" என்பாள் இவள். வேறு என்ன சொல்வது?

ஆக இவள் மிச்சம் பிடித்ததில் அந்தக் கார் குளித்தது. என் வயிறு எரியும். அபூ ஷாஹிர் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போக முடிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். வாப்பாவுக்கு வாதம் வந்த அன்று அவரை முதுகில் சுமந்து படி இறக்கி, அதே காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் அவர்தான். அந்த மனுஷனை என்னவென்று திட்டுவது?

ஒரு நாள் நான் இரண்டு பூட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். தொட்டி வால்வில் போடுவதற்கு. வாப்பா கட்டிலில் இருந்தபடியே பார்த்துவிட்டார்.

"என்னது அது?"

"பூட்டு. தொட்டிக்கு."

"தண்ணிக்குப் பூட்டா?" வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் குரல் பஸ் டிரைவர் குரலாகத்தான் வந்தது. "நாளைக்கு அல்லாஹ் முன்னால நான் எந்த முகத்தோட நிப்பேன்? அண்டை வீட்டுக்காரன் தாகத்தோட இருக்க, அபூ ருதைனா வீட்டில பூட்டுத் தொங்குச்சுன்னு எழுதணுமா?"

"அவர் தாகத்தில குடிக்கலை வாப்பா. டயரைக் கழுவறார்."

"டயரையோ தலையையோ, கேட்டவனுக்குக் குடு. தூக்கி எறி அதை!"

அக்கா என் கையிலிருந்து பூட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். வலது தொட்டியைப் பற்றிக் கீழே யாரிடமும் பேச வேண்டாம் என்று மட்டும் என்னிடம் சொன்னாள். மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது, இதில் ரகசியம் என்ன இருக்கிறது என்று நான் முணுமுணுத்தேன்.

அடுத்து வந்த புதன்கிழமை தண்ணீர் சரியாக ஏறவில்லை. குன்றின் அடிவாரத்தில் குழாய் உடைந்துவிட்டதாம். எங்கள் தெரு முழுக்கத் தொட்டிகளில் அடிமட்டத் தண்ணீர்தான். அக்கா தொட்டியை மாற்றாமல் வலதை அப்படியே விட்டுவிட்டு, இடதில் இருந்ததைச் சுருக்கிக்கொண்டாள். மறுநாள் வியாழக்கிழமை, கீழே அபூ ஷாஹிர் மகள் லுஜைனுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் கூட்டமாகப் பெண் கேட்டு வருகிற நாள். முற்றத்தில் நாற்காலி போட்டு, ஊரையே கூப்பிட்டிருந்தார்கள்.

லுஜைனுக்கு அலங்காரம் நான்தான். சாயங்காலம் அவள் தலையை அலசுவதற்குக் குழாயைத் திறந்தேன், தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. வெளியே உம்மு ஷாஹிர் முற்றத்தைக் கழுவி, படிகளைக் கழுவி, பாத்திரங்களை மலையாகக் குவித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாத் தெருவிலும் இல்லாத தண்ணீர் இவர்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது, லாரி வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் கூந்தலை அலசினேன். அக்காவுக்கு அன்று ஆபீசில் அரையாண்டுக் கணக்கு முடிக்கிற நாள். வர நேரமாகிவிட்டது. வந்து, வாப்பாவுக்குச் சூப் கொடுத்து, சமையலறைப் பானையில் இருந்த தண்ணீரில் ஒளு செய்ய வைத்து, நிச்சயதார்த்தத்துக் கனாஃபா இனிப்பில் ஒரு துண்டு அவர் வாயில் ஊட்டிவிட்டு, உடுத்திய துணியோடு தூங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பாங்கு சொன்னதும் செம்புக் கூஜாவோடு வாப்பாவை எழுப்பப் போனாள். நான் கேட்டது கூஜா தரையில் வைக்கப்படுகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வாப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே போயிருக்கிறார்.

பக்கத்து ஊரான ஜர்காவில் இருந்து பெரியப்பா மகன் ஹைதம் வந்தான். பள்ளிவாசலில் இருந்து மையித்துக் குளிப்பாட்டுகிற ஷேக் நவ்வாஃப் பலகையோடு வந்தார். இலந்தை இலை, கற்பூரம், கஃபன் எல்லாம் தயார். மதிய ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று முடிவாயிற்று. அக்கா சமையலறையில் பெரிய பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். "வலது தொட்டி வால்வைத் திறந்துட்டு வர்றேன்" என்று மேலே போனாள்.

அவள் வரவில்லை. நான் ஏறிப் போனேன். வலது தொட்டியின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றிருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் ஈரம்கூட இல்லை. எங்கள் தொட்டியில் இருந்து கீழ் வீட்டுத் தொட்டிக்கு ஒரு பச்சை ஓஸ் பாம்பு மாதிரி கிடந்தது.

நான் படியில் இறங்கினது ஞாபகம் இல்லை. கீழே போய்க் கத்தினேன். "அபூ ஷாஹிர்! வெளிய வாங்க! எங்க வாப்பாவோட தண்ணியை என்ன செஞ்சீங்க?"

அவர் ஏற்கெனவே எங்கள் வீட்டுக்கு வரத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, அழுதிருந்தார். நான் கேட்டது அவருக்குப் புரியவே கொஞ்ச நேரமானது. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"மகளே, நான் கேட்டுத்தான் எடுத்தேன். அல்லாஹ் மேல ஆணையா. நேத்து மத்தியானம் மேல வந்தேன். வீட்டில விருந்தாளி, தொட்டியில சொட்டு இல்லைன்னு சொன்னேன். உங்க வாப்பாதான், வலது பக்கத் தொட்டி நிறைஞ்சிருக்கு, எல்லாத்தையும் எடுத்துக்கோன்னார்."

"அது எதுக்கு வெச்சதுன்னு அவர் சொல்லலையா?"

அபூ ஷாஹிர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னார். அதனாலதான் வேண்டாம்னேன். 'எனக்கு வெச்சதுதான், எனக்கு என்ன இன்னைக்கேவா அவசரம்? பொண்ணு நிச்சயத்தை விடவா? புதன்கிழமை மறுபடி வந்துடும்'னு சிரிச்சார் மகளே. சிரிச்சுக்கிட்டே சொன்னார்."

 யாரைத் திட்டுவது? உள்ளே வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருக்கிறவரையா? படியில் அக்கா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"விடு மைசூன்" என்றாள்.

தெருவில் எல்லா வீட்டிலும் அதே வறட்சி. பெண்கள் இருந்ததைக் கெண்டியிலும் ஜாடியிலும் கொண்டுவந்தார்கள். கண்ணீர் வந்தது எனக்கு. எங்கள் இடது தொட்டியின் அடிமிச்சமும் அத்தனையும் சேர்ந்தும் ஒரு பாத்திரம் நிறையவில்லை. லாரிக்காரனுக்குப் போன் போட்டால் ஜும்ஆவுக்கு அப்புறம்தான் வண்டி என்கிறான். சுத்திகரித்த தண்ணீர் விற்கிற கடை வெள்ளிக்கிழமை காலையில் பூட்டு.

ஹைதம் சொன்னான், "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம் அக்கா. அங்க தண்ணி இருக்கு, ஆள் இருக்கு. அரை மணி நேர வேலை."

"கூடாது" என்றாள் அக்கா.

"அப்ப மண்ணைத் தடவி..."

ஷேக் நவ்வாஃப் குறுக்கிட்டார். "தண்ணியே கிடைக்காத இடத்திலதான் அது. மளிகைக்கடையில பாட்டில் பாட்டிலா அடுக்கியிருக்கறப்ப தண்ணி இல்லைன்னு நான் எப்படிம்மா சொல்லறது?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். பல வருஷமாக ஒரு பாட்டிலைக்கூட வாசல்படி தாண்ட விடாதவள். வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கில் இரண்டு பாதி இருந்தது. இந்த வீடு ஒரு பாதி, நம் தண்ணீர் ஒரு பாதி. இரண்டாவது பாதி நேற்றே லுஜைனின் முற்றத்தில் ஓடிப்போய்விட்டது.

"வாங்கிட்டு வாங்க" என்றாள்.

அபூ ஷாஹிர் ஓடினார். அந்த வெள்ளைக் கார் டிக்கி, பின்சீட்டு, முன்சீட்டு எல்லாம் அடைத்துக் கட்டுக் கட்டாகப் பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து, யாரையும் தொடவிடாமல் தானே படி ஏற்றினார். பிளாஸ்டிக் உறையைக் கிழித்து நடையில் அடுக்கினோம்.

ஆணைக் குளிப்பாட்டுகிற அறைக்குள் நாங்கள் போக முடியாது. ஷேக்கும் ஹைதமும் உள்ளே. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து நானும் அக்காவும் உம்மு ஷாஹிரும் மூடி திறந்தோம். ஒவ்வொரு மூடியும் 'கிறுக்' என்று திரும்பும். பாதித் தண்ணீரைச் சுடவைத்தோம், பாதியை அப்படியே வாளியில் ஊற்றிக் கதவிடுக்கு வழியாகக் கொடுத்தோம். அக்காவின் வாளிதான். உள்ளிருந்து ஷேக், "இன்னும், இன்னும்" என்பார். அக்காவின் விரல் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. துடைத்துக்கொண்டு அடுத்ததைத் திறந்தாள். உம்மு ஷாஹிர் விசும்பிக்கொண்டே இருந்தாள். வாளியின் தாய் என்று பெயர் வைத்தவள் அந்த வாளியைத்தான் நிரப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

"மெதுவா ஊத்தச் சொல்லு ஹைதம்" என்று அக்கா கதவுக்குச் சொன்னாள். "மெதுவா."

வாப்பாவைக் கொண்டுபோன பிறகு நடை முழுக்கக் காலி பாட்டில்கள் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. காலை வைத்தால் நொறுங்கும் சத்தம். அக்கா ஒவ்வொன்றாக நசுக்கிச் சாக்கில் போட்டாள், உதவிக்கு யாரையும் விடவில்லை.

துக்கம் கேட்க வருகிற மூன்று நாளும் முற்றத்தில் பேரீச்சம்பழமும் சர்க்கரையில்லாத காபியும். காபி காகிதக் கோப்பையில். அக்கா எதையும் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. மூன்றாம் நாள் மாலை அபூ ஷாஹிர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு சின்ன லாரி.

"உங்க வாப்பாவுக்கு என்னால முடிஞ்சது மகளே. அவர் எனக்குத் தண்ணி குடுத்தார். நான் அவர் பேர்ல ஊருக்குத் தண்ணி குடுக்கறேன்."

அட்டைப்பெட்டிகளில் உள்ளங்கை அளவுக் குட்டிப் பாட்டில்கள். நான்கு மடக்கு குடித்தால் தீர்ந்துவிடும். ஒவ்வொன்றிலும் பச்சை லேபிள். பிஸ்மில்லாஹ், கீழே 'மர்ஹூம் ஹாஜி ஸுப்ஹி, அபூ ருதைனா. அன்னாருக்காக ஃபாத்திஹா ஓதுங்கள்.' வந்தவர்கள் எல்லாம் அபூ ஷாஹிரைக் கட்டிப்பிடித்து, செய்தால் இப்படிச் செய்ய வேண்டும் என்றார்கள். அக்கா நன்றி சொன்னாள். சொல்லத்தான் வேண்டும். 

பாதியைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தோம். மிச்சப் பெட்டிகள் எங்கள் படிக்கட்டில் அடுக்கிக் கிடந்தன. அதன் பிறகுதான் பெரிய கொடுமை. குடித்தவன் பாட்டிலைத் தெருவில் போடுகிறான். லேபிளில் அல்லாஹ்வின் பெயர் இருக்கிறது, குப்பையில் கிடக்கக் கூடாது. கூடவே வாப்பாவின் பெயர். அக்கா வேலைக்குப் போகும்போது துணிப்பையை எடுத்துப் போவாள். சாக்கடை ஓரம், பள்ளிவாசல் வாசல், டாக்சி நிற்கிற இடம் என்று குனிந்து குனிந்து பொறுக்குவாள். வந்து கெட்டில் ஆவியில் காட்டி லேபிளை உரித்து வைப்பாள்.

"நீ என்ன தெருப்பொறுக்கியா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்று நான் சண்டை போட்டேன்.

"வாப்பா பேர் மேல நாய் மூத்திரம் போகுது மைசூன். நான் பாத்துட்டுப் போகவா?"

அவளுடைய ஆபீஸ் நேரம் குறையவில்லை. புதினா காய்ந்தது. எலுமிச்சைக்குக் காய் கழுவிய தண்ணீர் ஊற்றினாள், ஆனாலும் இலை பழுத்துக் கொட்டியது. வலது தொட்டியைப் புதன்கிழமை நிரப்புவதை மட்டும் நிறுத்தவில்லை. யாருக்காக என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா கழிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை. கதவு தட்டப்பட்டது. நான் திறந்தேன். அபூ ஷாஹிர், முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்.

"மைசூன் மகளே, லுஜைன் மாமியார் வீட்டுக்குக் கிளம்பணும். கார் ஒரே மண்ணு. எங்க தொட்டி காஞ்சுபோச்சு. உங்க வலது பக்கத் தொட்டியில..."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என்னை விலக்கிக்கொண்டு வந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் படிக்கட்டுக்குப் போய் ஒரு பெட்டியைத் தூக்கி அவர் கையில் வைத்தாள். வாப்பா பெயர் போட்ட பாட்டில்கள். மேலே இன்னொரு பெட்டியையும் வைத்தாள்.

"இதில கழுவிக்குங்க சாச்சா" என்றாள். 

 இப்போது அந்த மனுஷனுக்கு உறைக்கும், கூனிக் குறுகிப் போவார், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடுவார் என்று பார்த்தேன். அக்காவும் அதைத்தான் எதிர்பார்த்தாள், சத்தியமாகச் சொல்வேன். இத்தனை வருஷத்தில் அவள் ஒருவருக்குச் செய்த ஒரே குத்தல் அதுதான்.

அபூ ஷாஹிர் லேபிளைப் படித்தார். கண் கலங்கியது.

"அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும். என்ன மனுஷன்! மவுத்துக்கு அப்புறமும் எனக்குத் தண்ணி குடுக்கறார் பாரு. ஒவ்வொரு சொட்டுக்கும் அவருக்கு நன்மை எழுதுவாங்க மகளே, ஒவ்வொரு சொட்டுக்கும்."

மனதாரச் சொன்னார். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பால்கனியில் இருந்து பார்த்தோம். ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து, வாய்க்குள் ஃபாத்திஹா ஓதிக்கொண்டே பானட்டில் ஊற்றினார். கண்ணாடிக்கு ஊற்றினார். டயருக்கு ஊற்றினார். காலியானதை ஓரமாக வைத்தார், எங்கள் தெரு சரிவு, ஒவ்வொன்றாக உருண்டு கீழே போனது. நான் கத்தப் போனேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். துணிப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

சரிவின் அடிவரை போய், சக்கரங்களுக்கு அடியில், சாக்கடைக் கம்பிக்கு மேல் என்று பொறுக்கிக்கொண்டு திரும்பினாள். அவளைக் கடந்து கார் பளபளவென்று போனது. லுஜைன் உள்ளே இருந்து கை ஆட்டினாள். அக்காவும் ஆட்டினாள்.

வந்து பையைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் வந்தாள். லேபிளை உரிக்கவில்லை. குளியலறையில் இருந்த வாளியை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஷவர் திறந்தது. ஏதாவது கழுவுகிறாளாக்கும் என்று இருந்தேன். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு பாத்திரம் சோறு வெந்து இறக்கியும் விழுந்துகொண்டே இருந்தது. இடது தொட்டியோடு வலது தொட்டி வால்வையும் திறந்துவிட்டுத்தான் அவள் உள்ளே போயிருக்கிறாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கதவைத் தட்டினேன். "அக்கா. தண்ணி போகுது."

 மறுபடி தட்டினேன்.

"அக்கா, தண்ணியெல்லாம் போகுதுடி!"

"போகட்டும்" என்றாள் உள்ளே இருந்து.

நான் வாளியை எடுத்துக்கொண்டு போய்ப் பால்கனியில் கவிழ்த்து வைத்தேன்.